சாவி கவ்விய புறா

"விசிறுறத நிப்பாட்டாதீங்க வாப்பா! இன்னும் நாப்பது படம் ஈக்குது!"

அஸ்னா போட்ட சத்தத்தில் பதுளை பஸார் வீதியில் குடையோடு போன ஒருவர் நின்று கடைக்குள் எட்டிப் பார்த்தார். தாஸிம் அச்சகத்தின் நடுமேசையில் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் மூடியில்லாமல் கிடந்தது. அதிலிருந்து ஒரு வயர் புதுக் கணினிக்குப் போனது. தொட்டால் விரல் சுடும் அளவுக்கு அது கொதித்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்' என்றது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அஸ்னா திரையை எட்டிப் பார்த்தாள்.

அஸ்னாவின் தந்தையும் கடை முதலாளியுமான தாஸிம் போன வருடக் கலண்டர் அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"மனுசனுக்குக்கூட நான் இப்படி விசிறினதில்ல" என்று முனகினார். "இருவத்தஞ்சு வருசம் உழைச்சது மகள். நிம்மதியா மௌத்தாக விட்டா என்ன?"

"படத்தைக் குடுத்திட்டு மௌத்தாகட்டும்!"

மூலையில் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பாலில்லாத ப்ளேன்டி குடித்தவர் மாணிக்கராஜ். முப்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டு விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்துப் பார்த்து, எதற்கும் அவசரப்படாத பழக்கம் வந்துவிட்டது. காலைப் பேப்பரை அவர் வாசிப்பது இந்தக் கடையில்தான். யாராவது சிக்கலோடு வந்தால் பேப்பரை மடித்து வைப்பார். அந்த மடிப்புக்காகவே அஸ்னா தினமும் காத்திருப்பாள்.

"புதுக் கம்ப்யூட்டர்லதான் படமெல்லாம் ஏற்கனவே இருக்கே?" என்றார் அவர்.

"இருக்கு அங்கிள். ஆனா கோலத்தைப் பாருங்க."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் அந்தக் கடை பயன்படுத்தும் சின்னச் சின்னக் கறுப்புப் படங்கள். குதிரை, யானை, மயில், புறா.

"பழைய படத்தைப் புது மெஷின் திறக்காது. அதனால கம்ப்யூட்டர் வேலை செய்ற ஷெல்டன் ரெண்டு நாள் இங்க உக்காந்து, முதல் ஆயிரம் படத்தை மாத்திக் குடுத்தார். பதினஞ்சு நாளாச்சு. அப்புறம்தான் பாக்குறேன், ஒண்ணுக்கும் கண் இல்ல! பழைய படத்துல கண்ணுங்கிறது ஒரு ஓட்டை, அவ்வளவுதான். பின்னால இருக்கிற வெள்ளைப் பேப்பர் அதுக்குள்ளால தெரியும். மாத்தினப்போ ஓட்டை எல்லாம் அடைபட்டிட்டுது. கண் தெரியாத புறாவத்தான் பதினஞ்சு நாளா அடிச்சுக் குடுக்கிறேன். ஒருத்தராவது கேட்டாங்களா? இல்ல."

"ஷெல்டனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல்ல. பாவம், காசுகூட வாங்கல்ல. மூணு மணிக்கு வந்து பழைய மெஷினைக் கொண்டு போறாராம், 'குப்பைதானே, நானே கொண்டு போய்ப் போடுறேன்'னு. அதுக்கு முந்தி அசல் படத்தையெல்லாம் எடுத்திரணும்." மேசையில் கிடந்த ஒரு ப்ரூப் தாளைத் தட்டினாள். "அவரோட கல்யாணக் கார்டையும் நான்தான் அடிக்கிறேன். பொண்ணு பேரு றொஷேல். மாப்பிள்ளை வீட்டு அழைப்பு. எல்லாம் ரெடி, விருந்து நடக்கிற இடம் மட்டும் வெறுமையா இருக்கு. சனிக்கிழமைக்கு அப்புறம் சொல்றாராம். இப்படியும் ஒரு மாப்பிள்ளை!"

ஹார்ட் டிஸ்க் ஒரு முறை நீளமாகக் கரகரத்தது. திரையில் கடைசிக் கோடு நிரம்பியது. பிறகு சத்தம் நின்றது.

"முடிஞ்சுதா?" என்றார் தாஸிம், அட்டையைக் கீழே வைக்காமலே.

"முடிஞ்சுது வாப்பா. எல்லாம் வந்திட்டுது."

அப்போதுதான் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இளையவள் எல்ல ஊரில் உள்ள ஒரு விடுதியின் பெயர் பொறித்த சட்டை அணிந்திருந்தாள். மூத்தவளின் விரல்களில் தேயிலைக் கறை.

"இது தாஸிம் அச்சகம்தானே? என் பேரு நிலுக்ஷி. இவங்க எங்கம்மா செசிலி. பசறைக்கு மேல, ஊற்றுமலைத் தோட்டம்." அவள் கைபேசியை நீட்டினாள். "இந்தக் கார்டு உங்க கடையில அடிச்சதான்னு மட்டும் சொல்லுங்க."

மாணிக்கராஜ் பேப்பரை மடித்து வைத்தார்.

திரையில் ஒரு புது வீட்டுப் பால் காய்ச்சு அழைப்பிதழின் படம். ஊற்றுமலைத் தோட்டம், புதிய வீட்டுத் திட்டம், பதினாலாம் இலக்க வீடு, 2004 ஆவணி மாதம். மேலே சாவியைக் கவ்விப் பறக்கும் புறா. கீழே, 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும் அ. றொனி.' அடியில் அச்சகத்தின் பெயர். அன்றைய பழைய தொலைபேசி எண்கூடச் சரியாக இருந்தது.

"றொனிங்கிறது எங்க சித்தப்பா" என்றாள் நிலுக்ஷி. "வீட்டைக் கட்டினது எங்கப்பா மரியதாஸ். அப்பா தவறிப் போய் ரெண்டு வருசமாச்சு. இப்ப வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதப் போறாங்க. யாரு வீட்டுக்காரர்னு கேட்டா, தோட்டத்து ஒப்பீசில அந்தக் காலத்துப் புத்தகம் மழையில ஊறிப் போச்சுங்கிறாங்க. எங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்ல. சித்தப்பா இந்தக் கார்டைக் காட்டுறாரு. 'வீடு என்னோடது, அண்ணனுக்கு இருக்க இடம் குடுத்தேன்'ங்கிறாரு. சனிக்கிழமை மத்தியஸ்த சபையில பேசுறாங்க. இந்தக் கார்டு நெசம்னு ஆச்சுன்னா நாங்க திரும்ப ஒத்தையறை லயத்து வரிசைக்குத்தான் போகணும். அங்கயும் காம்பரா காலி இல்ல."

"கார்டைப் பத்தி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்மா?" என்று மாணிக்கராஜ் செசிலியைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. கார்டு குடுத்தப்போ நான் பதுளை ஆஸ்பத்திரியில இருந்தேன். இவளுக்கு நெஞ்சுச் சளி. இவ அப்பாவேதான் லயம் லயமாப் போய்க் குடுத்தாரு. பாத்திருந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

"தோட்டத்துல ஆளுங்ககிட்ட விசாரிச்சீங்களா?"

"இருவது வருசத்துக்கு முந்தின கார்டை யாருங்க ஐயா வச்சிருக்கப் போறா?"

"வீட்டை யார் வீடுன்னு சொல்லுவாங்க?"

நிலுக்ஷிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "செசிலி வீடுன்னுதான் சொல்லுவாங்க சேர். சின்ன வயசிலேருந்து அப்படித்தான்."

"அது நக்கலுங்க" என்றாள் செசிலி. "வீட்டுல நான்தான் கங்காணியாம். அவரு வாயே தொறக்க மாட்டாரு, அதனால சொல்றாங்க."

மாணிக்கராஜ் தாஸிமைப் பார்த்தார். தாஸிம் ஏற்கனவே ஸ்டூலில் ஏறி, அலுமாரி மேலிருந்த தடித்த அல்பங்களில் 2004 என்று எழுதியதை இறக்கிக்கொண்டிருந்தார். தாஸிம் அச்சகத்தின் வழக்கம் அது. எந்த வேலை முடிந்தாலும் ஒரு பிரதியைக் கோதுமை மாப் பசையால் அல்பத்தில் ஒட்டிவிட்டுத்தான் மற்றதைப் பார்ட்டிக்குக் கொடுப்பார். பக்கத்துக்கு நான்கு கார்டு, முன்னும் பின்னும்.

ஆவணி மாதப் பக்கம் திறந்தது. வலது கீழ் மூலையில் அதே கார்டு. அதே புறா. 'அ. றொனி.'

"நம்ம கடையில அடிச்சதுதான்" என்றார் தாஸிம், மெதுவாக.

நிலுக்ஷி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். செசிலி மட்டும் அல்பத்தைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்தாள்.

மாணிக்கராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தார். விரல் நுனியால் நான்கு கார்டுகளின் ஓரங்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்றின் ஓரங்களை மாப் பசைக்கு வந்த பூச்சி அரித்து ரம்பம் போல ஆக்கியிருந்தது. நான்காவதன் ஓரம் பிளேடு வைத்து வெட்டியது போல நேராக இருந்தது.

"சனிக்கிழமை நாங்களும் வர்றோம்" என்றார். "நீங்க வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடுங்க."

அவர்கள் போனதும் அஸ்னா கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், நீங்க ஓரத்தைத் தடவினதப் பாத்தேன். அது கள்ளக் கார்டுன்னா எனக்குப் பயமா ஈக்கு. கார்டு அடிச்ச பேப்பர் பழைய ஐவரி. இப்ப எங்கயும் வாங்க ஏலாது. மிச்சம் ஒரு கட்டு எங்க பரண்ல மட்டும்தான் கிடக்கு. அது வாப்பாவுக்குத்தான் தெரியும்."

"என்னா சொன்ன?" உள்ளே இருந்து தாஸிமின் குரல் எகிறியது. "நான் கள்ளக் கார்டு அடிச்சேனா? பெத்த மகள் சொல்றதப் பாருங்க மாணிக்கராஜ்!"

"அவ துப்பறியுறா தாஸிம். முதல்ல வீட்டு ஆளைத்தான் சந்தேகப்படணும், அதுதான் முறை" என்றார் மாணிக்கராஜ். "அஸ்னா, ஷெல்டன் வேலை செஞ்ச ரெண்டு நாளும் நீ எங்க இருந்த?"

"பண்டாரவளையில, மாமி மகள் கல்யாணம். கடையில வாப்பா மட்டும் இருந்தார்."

"மத்தியானம் லுஹர் தொழுதிட்டு?"

தாஸிம் தாடியைத் தடவினார். "கொஞ்சம் சாய்ஞ்சேன்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பின்னேரம் அஸர் பாங்கு கேட்டுத்தான் எழும்பினேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப... அந்தக் கார்டை எடுத்துப் பாத்திரலாம் அங்கிள். இப்பவே!"

"கை வைக்காதே. நாம உரிச்சா நாமதான் ஒட்டினோம்னு சொல்லுவாங்க. சபையில உரிக்கட்டும். மூணு மணிக்கு ஷெல்டன் வந்தா வெறும் பெட்டியைக் குடு. ஹார்ட் டிஸ்க் உன் கைப்பையில இருக்கட்டும்."

மூன்று மணிக்கு ஷெல்டன் வந்தான். கலைந்த தலை, நல்ல சிரிப்பு. பெட்டியைத் தூக்கியவன் புருவத்தை உயர்த்தினான். "என்ன அஸ்னா, இவ்வளவு லேசா இருக்கு?"

"வயசு போனா எல்லாம் லேசாத்தான் ஈக்கும்" என்றார் தாஸிம், கலண்டர் அட்டையால் தனக்கே விசிறிக்கொண்டு.

சனிக்கிழமை பசறை வீதிப் பாடசாலை ஒன்றில் மத்தியஸ்த சபை கூடியது. ஐந்தாம் வகுப்பு மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் தலைவி றுஸைனா டீச்சர், இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். செசிலியும் நிலுக்ஷியும் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வாங்கில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் றொனி. அவருக்குப் பக்கத்தில், காலுக்கு மேல் கால் போட்டபடி ஷெல்டன்.

மாணிக்கராஜோடும், அல்பத்தைச் சுமந்த தாஸிமோடும் வந்த அஸ்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அங்கிள், இவர் எப்படி..."

"உக்காரு" என்றார் மாணிக்கராஜ்.

றொனி கார்டை மேசையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். அண்ணன் மேல் தனக்கு இருந்த பாசத்தைப் பற்றிச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் டீச்சர் மாணிக்கராஜைப் பேசச் சொன்னார்.

"ஒரு சின்னச் சந்தேகம் றொனி. இந்தக் கார்டு இருவது வருசமா எங்க இருந்துச்சு?"

"என் டிரங்குப் பெட்டியிலதாங்க. வெளிய எடுத்ததே இல்ல."

"யாருக்கும் குடுத்ததில்லையா? இது மாதிரி வேற ஒண்ணு திரும்ப அடிச்சதில்லையா?"

"இல்லீங்க. அன்னிக்கு அடிச்சது, அன்னிக்கு வச்சது."

மாணிக்கராஜ் தலையசைத்துவிட்டு அல்பத்தை டீச்சர் முன்னால் விரித்தார். பூதக்கண்ணாடி ஒன்றையும் வைத்தார்.

"டீச்சர், இதே பக்கத்துல மேல ஒரு கல்யாணக் கார்டு இருக்கு. அதுலயும் இதே புறாதான், வீடும் கல்யாணமும் சேர்ந்து வச்சவங்க போல. அந்தப் புறாவுக்குக் கண் இருக்கா?"

டீச்சர் குனிந்தார். "இருக்கு. சின்ன வெள்ளைப் புள்ளி."

"சாவியோட வளையத்துல?"

"ஓட்டை இருக்கு."

"இப்ப றொனியோட கார்டைப் பாருங்க."

டீச்சர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "கண் இல்ல. வளையமும் முழுக் கறுப்பு."

"டோனர் அப்பியிருக்கும் டீச்சர்" என்றான் ஷெல்டன் உடனே. "பழைய பிரின்டர்ல அப்படித்தான் வரும்."

"தொழில் தெரிஞ்சவர் சொல்றார், நியாயம்தான்" என்றார் மாணிக்கராஜ். "ஆனா டோனர் அப்பினா முதல்ல அடைபடுறது எழுத்துங்களோட சுழி. இந்தக் கார்டுல ஒவ்வொரு சுழியும் திறந்து, கண்ணாடி மாதிரி இருக்கு. புறாவோட கண் அதைவிடப் பெருசு. பெருசை அடைச்சிட்டுச் சின்னதை விட்டு வைக்கிற டோனரை நான் பாத்ததில்ல."

அஸ்னாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்து, பழைய படங்களையும் திறக்கும் ஒரு மடிக்கணினியைத் திருப்பினாள்.

"டீச்சர், இது இருவத்தஞ்சு வருசமா எங்க கடையில இருந்த அசல் படம். கண் இருக்கு. இது புது மெஷினுக்காக மாத்தின படம். கண் இல்ல. மாத்தின திகதி பக்கத்துல இருக்கு, பாருங்க."

டீச்சர் வாசித்தார். பிறகு றொனியைப் பார்த்தார். "இன்னிக்குப் பதினேழு நாள்."

"ஆக" என்றார் மாணிக்கராஜ், "இருவது வருசமாப் பெட்டியை விட்டு வெளிய வராத கார்டுல, பதினேழு நாளைக்கு முந்தி பிறந்த புறா பறக்குது."

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஷெல்டன் சிரிக்கவில்லை. அவன் மேசையில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படத்தை மாத்தினவர் ஒருத்தர்தான். ரெண்டு நாள் அந்தக் கடையில இருந்தார். பழைய பேப்பரும் அல்பமும் அங்கதான். வேலைக்குக் கூலியும் கேக்கல்ல. பழைய மெஷினையும் தானே கொண்டு போறேன்னார். இவ்வளவும் எதுக்குன்னு நான் யோசிச்சேன். அஸ்னா, அவரோட கல்யாணக் கார்டுல எது வெறுமையா இருந்துச்சு?"

"விருந்து நடக்கிற இடம்" என்றாள் அஸ்னா. "சனிக்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்னார்." அவள் சட்டென்று எதிர்வாங்கைப் பார்த்தாள். "றொஷேல்... உங்க மகளா?"

றொனி சட்டைப் பொத்தானைத் திருகினார். "ஒரே மக. லயத்துக் காம்பராவுல வச்சா கல்யாண விருந்து குடுப்பேன்? நீங்களே சொல்லுங்க."

"அதுக்கு எங்களை வெளிய போடுவீங்களா சித்தப்பா?" என்றாள் நிலுக்ஷி.

"படம் சரியா மாறியிருக்கான்னு ஒத்துப் பாக்கத்தான் அல்பத்தை எடுத்தேன்" என்றான் ஷெல்டன், யாரையும் பார்க்காமல். "அதுல இந்த வீட்டுக் கார்டு இருந்துச்சு. மாமாகிட்ட சும்மாதான் சொன்னேன். அவர்தான்..."

"நான்தான் என்னா? கம்ப்யூட்டரு எனக்கா தெரியும்?" என்று றொனி சீறினார்.

"எழுத்தை ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்திருக்கீங்க ஷெல்டன். பழைய போன் நம்பரைக்கூட விடல்ல" என்றார் மாணிக்கராஜ். "படத்தைப் பாக்கல்ல. அது நீங்களே மாத்தினது, சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டீங்க."

டீச்சர் பேனாவை எடுத்தார். "அப்ப அல்பத்துல ஒட்டியிருக்கிறதும் கள்ளக் கார்டு. அசல் எங்க?"

"அதைக் கிழிச்செடுக்க முடியாது டீச்சர். தாஸிமோட மாப் பசை பக்கத்தையே கொண்டு வந்திடும், பின்பக்கத்துல வேற கார்டுங்க இருக்கு. மூணு கார்டைப் பூச்சி அரிச்சிருக்கு, நாலாவதைத் தொடல்ல. ஏன்னா நாலாவதை ஒட்டினது மாப் பசை இல்ல, கடையில விக்கிற குப்பிப் பசை. அசல் எங்கயும் போகல்ல. அதுக்கு மேலேயே இதை ஒட்டியிருக்கார்."

டீச்சர் செசிலியின் பக்கம் திரும்பினார். "உரிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். உங்க பேர்ல ஏதாவது காகிதம் இருக்காம்மா? பில்லு, கடிதம், எதுவானாலும்?"

"என் பேருங்களா?" செசிலி அந்தக் கேள்வியையே விளங்காதவள் போலப் பார்த்தாள். "தோட்டத்துச் சம்பளம் போடுற செக்ரோல்ல மட்டுந்தாங்க இருக்கு. வேற எதுலயும் எம் பேரை யாரும் எழுதினதில்லீங்க."

மாணிக்கராஜ் ஒரு புது பிளேடைக் காகிதத்திலிருந்து பிரித்தார்.

"மெல்ல, மெல்ல!" என்றார் தாஸிம், தன் தோலையே அறுப்பது போல. "பக்கம் கிழிஞ்சா நான் பொறுக்க மாட்டேன்."

நான்கு ஓரங்களில் மட்டும்தான் பசை. பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மேலே இருந்த கார்டு தானாக நழுவியது. அடியில் மங்கிப்போன ஐவரி, பூச்சி அரித்த ஓரங்கள், ஒரு மூலையில் யாரோ உரிக்கப் பார்த்துக் கைவிட்ட கிழிசல். புறாவுக்குக் கண் இருந்தது.

டீச்சர் முதலில் வாசித்தார், மனதுக்குள். மாணிக்கராஜைப் பார்த்தார். அவர் ஆச்சரியப்படவில்லை. றொனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிலுக்ஷி எழுந்து வந்து எட்டிப் பார்த்தவள், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாடி?" என்றாள் செசிலி. "அப்பா பேரு இல்லையா? ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீங்க? என்னாதான் போட்டிருக்கு?"

அஸ்னாதான் அல்பத்தைத் தூக்கி, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, செசிலிக்குக் கேட்கும்படி நிறுத்தி வாசித்தாள்.

"எமது புதிய இல்லத்துக்குத் தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும், வீட்டு உரிமையாளர், திருமதி செசிலி மரியதாஸ்."